மொறிஸ் மைனர் கியர்பொக்ஸை வளவுக்குள்ளேயே கழற்றிப் பூட்டுவது: முழுமையான வழிகாட்டி

மொறிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலேயக் காரின் கியர்பொக்ஸை இறக்க எஞ்சினையும் சேர்த்துத் தூக்க வேண்டும், செயின் புளொக் வேண்டும், பெரிய கராஜ் வேண்டும் என்று நினைத்துப் பலர் காரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கிளிநொச்சி, மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் தகரக் கொட்டிலுக்குள் தூசி மூடி நிற்கிற மைனரைப் பார்த்து விசாரித்தால், "கியர்பொக்ஸ் போட்டுது தம்பி, ஆர் இனி இறக்கிறது" என்பார்கள். எஞ்சின் நல்லாக இருக்கும், பொடி நல்லாக இருக்கும். ஒரு கிளச் பிளேட்டுக்காக ஒரு கார் வருடக்கணக்கில் நின்று துருப்பிடிக்கும். அதைத் தாங்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

மைனரில் எஞ்சின் அசையாமல் நிற்க, கியர்பொக்ஸை மட்டும் தனியாகக் கீழே இறக்கலாம். மைனரில் இருக்கும் அதே ஏ சீரிஸ் வகை எஞ்சினும் இதே குடும்பத்துக் கியர்பொக்ஸும் பூட்டிய எம்.ஜி. மிட்ஜெட், ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைட் போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் அது நடவாது. அவற்றில் எஞ்சினும் பொக்ஸும் ஒன்றாகத்தான் மேலே வர வேண்டும். மைனரில் பொக்ஸுக்கு மேலே இருக்கும் தகட்டு மூடியும் கீழே தாங்கும் சட்டமும் கழற்றக்கூடியவை என்பதால் அந்த வசதி எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு பேர், காரை உயர்த்தும் ஜக் ஒன்று, நான்கு நல்ல மரக்குற்றி, இரண்டு நாள் பொறுமை இருந்தால் போதும்.

எங்கள் வீட்டு மைனர் 948 சிசி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், வன்னிக்குள் மற்றக் கார்கள் ஓடியது போலவே அதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. கபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீய்ச்சி ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். எத்தனை நோயாளரை, எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளை அந்தக் கார் சுமந்தது என்று கணக்கில்லை. அந்த ஓட்டத்துக்கும் கியர்பொக்ஸ் வேலைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

இறக்கத்தான் வேண்டுமா?

முதலில் இதைத் தீர்மானியுங்கள். மைனருக்கு முதலாம் கியரில் சின்க்றோ, அதாவது பற்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சத்தமில்லாமல் விழவைக்கும் அமைப்பு, கிடையாது. கார் உருண்டுகொண்டிருக்கும்போது முதலாம் கியருக்குப் போட்டால் பல் கத்தத்தான் செய்யும். அது பழுதல்ல. கார் நிற்கும்போதும், கிளச்சை முழுதாக மிதித்து மூன்று நான்கு செக்கன் பொறுத்த பிறகும் ரிவேர்ஸ் விழாமல் கத்தினால் கிளச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். அப்போது பெடலில் இருந்து பொக்ஸுக்குப் போகும் இழுவைக் கம்பியின் நட்டைத் திருகி இடைவெளியைச் சரிசெய்து பாருங்கள். அந்த இழுவையை நடுவில் கடத்தும் கிளச் றிலே சாப்டின் புஷ்கள் தேய்ந்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். பாதி முறைப்பாடு அங்கேயே முடிந்துவிடும்.

சத்தம் வருகிறதென்றால் எப்போது வருகிறது என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். முதலாம், இரண்டாம், மூன்றாம் கியர்களில் ஊளையிட்டு, நாலாம் கியரில் அமைதியாகிவிட்டால், பொக்ஸுக்குள் அடியில் சுற்றும் லே சாப்டின் பக்கம் தேய்மானம். நாலாம் கியரில் விசை லே சாப்ட் வழியாகப் போகாமல் நேராகப் பின்னால் போவதால் அங்கே சத்தம் அடங்குகிறது. நியூட்றலில் நிற்கும்போது வரும் உறுமல் கிளச்சை மிதித்ததும் நின்றால் முன் சாப்டின் பெயரிங்கையோ லே சாப்டையோ சந்தேகியுங்கள். மிதிக்கும்போதுதான் சத்தம் தொடங்குகிறதென்றால் அது கிளச்சைத் தள்ளி விடுவிக்கும் றிலீஸ் பெயரிங். கிளச் வழுக்கினால், அதாவது எஞ்சின் இரைந்தும் கார் ஏறாவிட்டால், ஒன்றில் பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது பிளேட்டில் ஒயில் பட்டிருக்கும்.

மண்ணெண்ணெய்க் கதை இங்கேதான் வருகிறது. இந்த எஞ்சினின் பின்புறத்தில் றப்பர் சீல் கிடையாது. கிராங் சாப்டில் வெட்டிய திருகு வரி ஒன்று, வெளியே வரப் பார்க்கும் ஒயிலை உள்ளே திருப்பி அனுப்பும். அவ்வளவுதான் காவல். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் பிஸ்ரன் றிங் வழியே கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீர்போல் ஆக்கிவிடும். றிங்கும் தேய்ந்து எஞ்சினுக்குள் காற்றழுத்தமும் கூடினால் அந்தத் திருகு வரியால் தாக்குப்பிடிக்க முடியாது. ஒயில், எஞ்சினின் பின்னால் சுற்றும் பாரமான சில்லான பிளைவீலின் பக்கம் வழிந்து கிளச் பிளேட்டில் ஏறும். ஆகவே அந்தக் காலத்தில் ஓடிய எஞ்சின் என்றால், புதுக் கிளச் பிளேட் வாங்க முன் எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் திரும்பவும் இதே வேலைதான்.

பொக்ஸின் முன்பக்கத்தில் கிளச்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூடுதான் பெல் கவுசிங். அதன் அடியில் ஒரு சிறு துளையும் அதில் தொங்கும் ஒரு ஸ்பிளிற் பின்னும் இருக்கும். அது ஒயில் வடிவதற்காக வைத்த வழி. ஒழுகுகிறதே என்று அதை அடைத்து வைத்த காரை நான் பார்த்திருக்கிறேன். ஒயில் போக வழியில்லாமல் முழுதும் கிளச்சுக்குப் போயிருந்தது.

இடமும் சாமானும்

மாரி மழை தொடங்க முன் செய்யுங்கள். ஐப்பசிக்குப் பிறகு வன்னி மண் சேறாகிவிடும், ஜக் கீழே புதையும். மண் தரையானால் ஜக்குக்குக் கீழே அகலமான தடித்த பலகை போடுங்கள். கிரவல் தூசி பறக்கிற ஒழுங்கைக் கரையில் இந்த வேலை வேண்டாம். திறந்து கிடக்கும் கிளச்சுக்குள் தூசி போய் ஒயிலோடு சேர்ந்தால் அரத்தூள் மாதிரி அராவும்.

காரைத் தாங்கக் கல் வைக்காதீர்கள். சீமெந்துக் கல் வெடிப்புக் காட்டாமல் ஒரே கணத்தில் நொறுங்கும், கீழே படுத்திருப்பவர் தப்ப நேரமிருக்காது. எங்கள் காட்டுப் பாலையும் முதிரையும் இருக்கும்போது கல் எதற்கு? இரண்டு தலைப்பும் மட்டமாக அறுத்த, ஒன்றரை அடி உயரமான, அகலமான பாலைக் குற்றிகள் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். முன்னுக்கு இரண்டும் செசி கால்களின் கீழே, பின்னுக்கு இரண்டும் பின் அக்சிலின் கீழே. கழற்றப்போகும் குறொஸ் மெம்பரில், அதாவது பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில், ஒரு குற்றியும் முட்டக்கூடாது. வைத்து முடிந்ததும் காரைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். இதில் வெட்கம் வேண்டாம், அவசரமும் வேண்டாம்.

சாவிகள் ஏ.எவ். அளவில், அதாவது போல்ட் தலையின் அகலத்தை அங்குலத்தில் சொல்லும் அளவில், வேண்டும். இப்போது எல்லாக் கராஜிலும் மில்லிமீற்றர்ச் சாவிதான் இருக்கிறது. 1/2 அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். ஆகவே 13 சாவி போகும், ஆனால் கொஞ்சம் ஆடும். இறுகிய போல்ட்டில் அந்த ஆட்டமே மூலையை வழித்துவிடும். 7/16 என்பது 11.1, 9/16 என்பது 14.3. இவற்றுக்கு 11-உம் 14-உம் ஏறாது, அடுத்த அளவு வழுக்கும். 7/16, 1/2, 9/16 மூன்றும் நல்ல பெட்டிச் சாவியாக வைத்திருந்தால் பெரும்பகுதி வேலை முடியும்.

கழற்றும் போல்ட்களைச் சிரட்டைகளில் போட்டு வரிசையாக வையுங்கள். ஒரு சிரட்டை, பொக்ஸில் இருந்து பின் அக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புறொப்பெலர் சாப்டுக்கு, ஒன்று ஸ்ராட்டருக்கு, ஒன்று குறொஸ் மெம்பருக்கு. பெல் கவுசிங் போல்ட்களில் நீளம் வித்தியாசப்படும். அவற்றுக்கு மட்டும் ஒரு காட்போட் மட்டையில் பெல் கவுசிங்கின் வட்டத்தைக் கீறி, எந்தத் துளையில் இருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

வேலைக்கு இரண்டு நாள் முன்பே குறொஸ் மெம்பர் போல்ட்களுக்கும் சைலன்சர் குழாயின் கிளாம்புக்கும் மண்ணெண்ணெயும் பழைய ஒயிலும் கலந்து காலையும் மாலையும் ஊற்றி வாருங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். மைனரில் குறொஸ் மெம்பரின் நட்கள் உள்ளே கூட்டுக்குள் அடைபட்டவை. துருப்பிடித்து, கூடு உடைந்து, நட் போல்ட்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கினால் மேலே இருந்து தகட்டை வெட்டித்தான் பிடிக்க வேண்டும். இரண்டு நாள் ஊறவைப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

காருக்குள்ளே

பற்றறியைக் கழற்றுங்கள். டைனமோ உள்ள பழைய மைனர் பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் பொடிக்குப் போகும். இன்றைய பழக்கத்தில் நெகற்றிவ்தான் பொடிக்குப் போகும் என்று நினைத்து மறுபக்கத்தில் சாவியை வைத்தால், சாவி பொடியில் முட்டித் தீப்பொறி பறக்கும். எந்த வயர் பொடிக்குப் போகிறதோ அதை முதலில் கழற்றுங்கள். இடையில் யாரும் நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றியும் இருக்கலாம், ஆகவே கண்ணால் பார்த்துத் தீர்மானியுங்கள்.

முன் சீற், விரிப்பு எல்லாம் வெளியே. கியரை நியூட்றலில் விட்டு, கியர்த் தடியின் அடியில் இருக்கும் தகட்டின் போல்ட்களைக் கழற்றித் தடியை மேலே உருவுங்கள். அதோடு ஸ்பிறிங் போன்ற சின்னச் சாமான்கள் பாயும், கையால் பொத்திக்கொண்டு எடுங்கள். துளையைச் சுத்தமான சீலையால் அடையுங்கள். பிறகு பொக்ஸை மூடியிருக்கும் தகட்டு மூடியின் ஸ்குறூக்கள். நிறைய இருக்கும், பாதி துருப்பிடித்திருக்கும். தலை வழிந்தவற்றைத் துளைத்து எடுத்துவிடுங்கள், புதுசு போடுவது மலிவு. மூடி வந்ததும் பொக்ஸின் மேல்பக்கம் முழுதாகத் தெரியும். பெல் கவுசிங்கின் மேல் போல்ட்களையும் ஸ்பீடோ கேபிளையும் இங்கே இருந்து எட்டலாம்.

பொனற்றைத் திறந்து ஸ்ராட்டர் வயரைக் கழற்றி, இரண்டு போல்ட்டையும் எடுத்து, ஸ்ராட்டரை இழுத்து ஒரு பக்கம் வையுங்கள். எஞ்சினின் பின்பக்கம் கொஞ்சம் கீழே சாயப் போகிறது. அக்சிலேற்றர், சோக் கேபிள்களும் றேடியேற்றர் குழாய்களும் இறுக்கமாக இழுபடாத அளவுக்கு இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

காருக்குக் கீழே

பொக்ஸ் ஒயிலை வடிய விடுங்கள். அந்த ஒயிலை எறிந்துவிடாமல் ஒரு பேணியில் பிடித்து வெயிலில் பாருங்கள். பித்தளை மினுக்கம் கொஞ்சம் இருந்தால் சின்க்றோ வளையங்களின் வழமையான தேய்மானம். காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது. அப்படியானால் கிளச்சை மாற்றிவிட்டுத் திருப்பிப் பூட்டுவதில் பயனில்லை.

புறொப்பெலர் சாப்டைக் கழற்றுமுன் பின் அக்சில் பிளாஞ்சிலும் சாப்ட் பிளாஞ்சிலும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள். திரும்ப அதே நிலையில் பூட்டாவிட்டால் ஓட்டத்தில் அதிர்வு வரலாம். நான்கு போல்ட். கைபிறேக்கைப் போட்டு எட்டுவதைத் தளர்த்தி, பிறேக்கை விட்டுச் சில்லைச் சுற்றி, மறுபடி போட்டு மற்றவை. சாப்டைப் பின்னுக்கு இழுத்தால் பொக்ஸின் வாலில் இருந்து உருவி வரும். மிஞ்சிய ஒயில் அந்த வாலால் வழியும். யூரியாப் பை ஒரு துண்டை வாலில் போர்த்துக் கட்டிவிடுங்கள்.

சைலன்சரின் முன் குழாயை மனிபோல்டில் இருந்து விடுவியுங்கள். கிளச் இழுவைக் கம்பி, றிலே சாப்ட், எஞ்சின் பக்கத்தைப் பொடியோடு மின்னால் இணைக்கும் எர்த் பட்டை ஆகியவற்றையும் கழற்றுங்கள். இந்த எர்த் பட்டை எங்கே இருந்தது என்று நினைவில் வையுங்கள், கடைசியில் இதைப் பற்றி இன்னொரு வார்த்தை இருக்கிறது.

இனி எஞ்சினைத் தாங்குங்கள். ஒயில் சம்பின் பின்பகுதிக்குக் கீழே அகலமான பலகை வைத்து, அதன் கீழே ஜக். பலகை இல்லாமல் ஜக்கை நேரே வைத்தால் சம்ப் நசியும். ஜக் எஞ்சினின் பாரத்தை மட்டும் ஏற்கும் அளவுக்கு ஏற்றுங்கள், காரைத் தூக்க வேண்டாம். அதற்குப் பிறகே குறொஸ் மெம்பர்.

ஓர் எச்சரிக்கை. முன் சஸ்பென்ஷனில் ஸ்பிறிங்காக முறுகி வேலை செய்யும் நீண்ட ரோஷன் பார்கள் பின்னால் வந்து நடுச் செசியில் பிடிபட்டிருக்கும். அவை முறுக்கேறிய நிலையில் நிற்பவை. கியர்பொக்ஸைத் தாங்கும் கழற்றக்கூடிய குறொஸ் மெம்பர் வேறு, அந்தப் பார்கள் பிடித்திருக்கும் இடம் வேறு. பார்களின் போல்ட்களில் சாவி வைக்காதீர்கள். எது எதுவென்று விளங்காவிட்டால், பொக்ஸின் றப்பர் மவுண்டில் இருந்து கையால் தடவிக்கொண்டு போய், அது எந்தச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கழற்ற வேண்டியது அதை மட்டும்.

பிரிக்கும் நேரம்

முழு வேலையிலும் மனதை ஊன்ற வேண்டிய பத்து நிமிடம் இதுதான்.

பொக்ஸின் முன் சாப்ட், கிளச் பிளேட்டின் நடுவால் போய், கிராங் சாப்டின் நுனியில் உள்ள சின்னப் புஷ்ஷுக்குள் நுழைந்திருக்கிறது. பெல் கவுசிங் போல்ட்கள் எல்லாம் வந்த பிறகு யாரும் பொக்ஸைத் தாங்காமல் விட்டால் அதன் முழுப் பாரமும் அந்த ஒற்றைச் சாப்டில், அதன் வழியாகக் கிளச் பிளேட்டின் நடுவில் தொங்கும். ஒரு நிமிடம் தொங்கினாலும் பிளேட் வளைந்துபோகலாம். பார்த்தால் தெரியாது. பூட்டி ஓடும்போது கிளச் நடுங்கும், ரிவேர்ஸ் கத்தும்.

எங்கள் காருக்கு அது நடந்தது. ஒரு கராஜில் புதுப் பிளேட் போட்டுத் தந்தார்கள். மூன்று கிழமையில் கார் கிளம்பும்போதெல்லாம் குலுங்கத் தொடங்கியது. இறக்கிப் பார்த்தபோது பிளேட்டின் நடுப்பகுதி ஒரு பக்கம் சரிந்திருந்தது. அன்றைக்குத்தான் இனி இதை நானே செய்வேன் என்று முடிவெடுத்தேன்.

ஒருவர் காருக்குள் நின்று, பொக்ஸின் நடுவைச் சுற்றிப் போட்ட அகலமான பெல்ற்றை அல்லது மடித்த சாக்குப் பட்டையைப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழே. கீழே இருப்பவர்தான் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் கேட்க வேண்டும். என் மருமகன் மேலே நின்றபோது நான் சொன்னது இரண்டே சொல்: "பிடி தம்பி", "விடு தம்பி". அவன் திருப்பிச் சொல்லுவான்: "பிடிச்சிட்டன் மாமா." திருப்பிச் சொல்லாமல் நான் ஒரு போல்ட்டிலும் கை வைக்கவில்லை.

கடைசி இரண்டு போல்ட்டை, இரு பக்கத்திலும் ஒவ்வொன்றாக, எடுக்குமுன், ஏற்கெனவே எடுத்த இரண்டு துளைகளில் தலை அறுத்த நீளமான போல்ட்கள் இரண்டைப் போடுங்கள். பொக்ஸ் அவற்றின் மேல் சறுக்கி நேராகப் பின்னால் வரும். எஞ்சின் ஜக்கைக் கொஞ்சம் இறக்கினால் பின்பக்கம் சாய்ந்து இடம் கிடைக்கும். பொக்ஸும் அதே சரிவில் போக வேண்டும். வராவிட்டால் நெம்பாதீர்கள். பெல் கவுசிங் அலுமினியம், திருப்புளியை வைத்து நெம்பினால் விளிம்பு உடையும். எங்கோ ஒரு போல்ட் மறந்துபோயிருக்கிறது, தேடுங்கள். சாப்ட் முழுதாகப் பிளேட்டை விட்டு வெளியே வந்த பிறகே வாலைக் கீழே சாய்த்து, சாக்கு விரித்த தரையில் இறக்குங்கள்.

வெளியே வந்ததும்

கிளச் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிறஷர் பிளேட்டின் போல்ட்களைக் குறுக்கு மறுக்காகச் சுற்றுக்கு அரைத் திருகு என்று தளர்த்துங்கள். கிளச் பிளேட்டில் றிவெற் தலை மேற்பரப்போடு மட்டமாகிவிட்டதா? ஒயில் ஊறிக் கறுத்திருக்கிறதா? பெற்றோலில் கழுவிப் போடலாம் என்பார்கள். ஊறிய ஒயில் சூட்டில் திரும்ப வெளியே வரும், வேண்டாம். புதுசு வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். 948 சிசிக்கு 6¼ அங்குலக் கிளச், 1962க்குப் பின் வந்த 1098 சிசிக்கு 7¼ அங்குலம். எங்கள் பக்கத்தில் பழைய கார்களுக்கு எஞ்சின் மாற்றிப் போட்டிருப்பது சாதாரணம். ஆகவே காரின் வருடத்தைச் சொல்லி வாங்காதீர்கள், பழைய பிளேட்டையே கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். பொக்ஸும் அப்படித்தான்: வெளிக்கூடு வழவழப்பாக இருந்தால் பழைய வகை, வரிவரியாக விலா எலும்பு மாதிரி இருந்தால் 1098இன் பொக்ஸ்.

றிலீஸ் பெயரிங் என்று சொல்கிறோமே தவிர, இதில் இருப்பது குண்டு பெயரிங் அல்ல, ஒரு கரி வளையம். கிளச் பெடலில் காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களின் காரில் இது சீக்கிரம் தேயும். கரி, அதைப் பிடித்திருக்கும் உலோகக் கிண்ணத்தின் விளிம்பை நெருங்கிவிட்டால் மாற்றுங்கள். பொக்ஸ் இறங்கியிருக்கும்போது இதைப் பழையதாக விடுவது எனக்குச் சம்மதமில்லை.

கிராங் நுனியில் உள்ள சின்ன வெண்கலப் புஷ்ஷில் விரலை விட்டுத் தடவுங்கள். நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். எடுக்கும் வழி: உள்ளே கிறீஸை நிரப்பி, துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் ஒரு இரும்புத் தடியை வைத்துச் சுத்தியலால் அடியுங்கள். கிறீஸ் போக இடமில்லாமல் பின்னால் போய் புஷ்ஷை வெளியே தள்ளும். புதுப் புஷ்ஷை முதல்நாளே எஞ்சின் ஒயிலில் ஊறப்போடுங்கள். அதன் வெண்கலம் நுண்துளை உள்ளது, ஒயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

பிளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்பும் நகம் தட்டும் வெடிப்பும் இருந்தால் லேத்துக்குக் கொடுங்கள். பல் வளையத்தில், ஒன்றுக்கொன்று எதிரே இரண்டு இடத்தில் மட்டும் பல் தேய்ந்திருக்கும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது வழமையாக அந்த இரண்டு நிலைகளில்தான் வந்து நிற்கும், ஸ்ராட்டரும் அங்கேயே கடிக்கும். கொஞ்சத் தேய்மானம் பரவாயில்லை.

பொக்ஸின் உள்ளே திறப்பது வேறு வேலை, அதை இதோடு கலக்காதீர்கள். முன் சாப்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஒவ்வொரு கியராகப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். கரடுமுரடாக உணர்ந்தால் பொக்ஸ் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். பொக்ஸ் மவுண்ட் றப்பரும் மாற்ற வேண்டியது. றப்பர் செத்திருந்தால் கியர் தானாகக் கழருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூட்டுதல்

கிளச் பிளேட்டில் நடுக் குமிழ் நீண்ட பக்கம் கியர்பொக்ஸைப் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் பிளைவீலில் உரசும். பிளேட்டை நடுவில் நிறுத்தப் பழைய முன் சாப்ட் ஒன்று கிடைத்தால் நல்லது. நான் கொய்யாத் தடி ஒன்றைச் சீவி, நுனி புஷ்ஷுக்குள்ளும் நடு பிளேட்டுக்குள்ளும் இறுக்கமாகப் போகும்வரை இன்சுலேஷன் ரேப் சுற்றிச் செய்தேன். அதை விட்டபடியே பிறஷர் பிளேட் போல்ட்களைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முடிந்ததும் தடி தடையில்லாமல் உருவி வரவேண்டும். பிடித்தால் பிளேட் நடுவில் இல்லை, தளர்த்தி மறுபடி.

கையில் கிறீஸ் இருக்க பிளேட்டைத் தொடாதீர்கள். முன் சாப்டின் பல்வரிகளில் கிறீஸ் மெல்லிய பூச்சு மட்டும், விரலால் தடவித் துடைத்தது போல. கூடினால் சுற்றும்போது பிளேட்டில் தெறிக்கும்.

பொக்ஸை நாலாம் கியரில் போட்டுவிட்டுத் தூக்குங்கள். பிளேட்டின் பல்வரியும் சாப்டின் பல்வரியும் சேராமல் முட்டிக்கொண்டால், வாலில் புறொப்பெலர் சாப்டின் முன் துண்டைச் செருகி மெல்லத் திருப்பினால் முன் சாப்டும் திரும்பும், பல் விழும். எஞ்சினும் பொக்ஸும் ஒரே சரிவில் இருக்க வேண்டும். பெல் கவுசிங்கைச் சுற்றி இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்து ஜக்கை ஏற்றி இறக்குங்கள். கடைசி அரை அங்குலத்தில் எல்லோருக்கும் பொறுமை போகும். போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடுவோம் என்று தோன்றும். செய்யாதீர்கள். பெல் கவுசிங்கின் காது உடைவதும் பிளேட் நசிவதும் அந்த இடத்தில்தான். சரியாகச் சேர்ந்தால் கையால் தள்ளவே வந்து முகம் முட்டும். எங்களுக்கு முதல் தடவை அதற்கு ஒன்றே கால் மணித்தியாலம் போனது. இடையில் இறக்கி வைத்துத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பிடித்தோம், இரண்டாவது திருப்பலில் விழுந்தது.

முகம் முட்டியதும் போல்ட்கள், காட்போட் மட்டையைப் பார்த்து. குறொஸ் மெம்பரை முதலில் தளர்வாகப் பூட்டி, மவுண்டில் பொக்ஸின் பாரம் இறங்கிய பிறகு இறுக்குங்கள். அதற்குப் பிறகே எஞ்சின் ஜக்கை எடுக்கலாம். புறொப்பெலர் சாப்ட் கீறிய கோட்டுக்கு. சைலன்சர், றிலே சாப்ட், ஸ்பீடோ கேபிள், ஸ்ராட்டர்.

எர்த் பட்டை. இதை மறந்துவிட்டு ஸ்ராட் பண்ணினால், ஸ்ராட்டர் இழுக்கும் மின்சாரம் சோக் கேபிள் வழியாகவும் அக்சிலேற்றர் கேபிள் வழியாகவும் பொடிக்குப் போகப் பார்க்கும். கேபிள் சுட்டுப் புகையும். இரு முனையையும் வெளிச்சம் வரத் தேய்த்துப் பூட்டுங்கள்.

ஒயிலும் இடைவெளியும்

பொக்ஸுக்குக் கியர் ஒயில் ஊற்றாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெயரைப் பார்த்துவிட்டுப் பலர் ஈ.பி. 90 என்ற கியர் ஒயிலை ஊற்றுகிறார்கள். அது பின் அக்சிலுக்கு உரியது. அதன் கந்தகச் சேர்க்கை பொக்ஸின் வெண்கலப் பகுதிகளுக்கு நல்லதல்ல, தடிப்பும் கூட, சின்க்றோ வேலை செய்யாது. பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில்தான், எங்கள் வெக்கைக்கு 20டபிள்யூ50 நன்றாகப் பொருந்தும். சுமார் 1.3 லீற்றர் கொள்ளும். கார் மட்டமாக நிற்கும்போது, நிரப்பும் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கும் வரை.

கிளச் பெடலை விரலால் அழுத்திப் பாருங்கள். பாரம் தட்டுமுன் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் சும்மா போக வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் கரி வளையம் எந்நேரமும் உரசித் தேய்ந்துவிடும். அதிகமாக இருந்தால் கிளச் முழுதாக விடாது.

தகட்டு மூடியை இப்போதைக்கு நாலு ஸ்குறூவில் மட்டும் பிடித்து, குற்றிகளை எடுத்துக் காரை இறக்குங்கள். எஞ்சின் நிற்கும்போதே எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு ஸ்ராட் பண்ணி, கிளச்சை மிதித்து மூன்று வரை எண்ணி ரிவேர்ஸ். சத்தமில்லாமல் விழுந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

முதல் ஓட்டம் வளவைச் சுற்றி, பிறகு ஒழுங்கை, பிறகு ஏ-9. நாங்கள் முறிகண்டி வரை போனோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, கார் நின்ற இடத்தில் குனிந்து பார்த்தோம். பெல் கவுசிங் துளையில் ஒரு துளி ஒயில் தொங்கியது. இந்த எஞ்சினில் ஒரு துளி இருக்கும். நிலத்தில் கோடு விழுந்தால்தான் யோசிக்க வேண்டும். வாலில் புறொப்பெலர் சாப்ட் நுழையும் இடம் காய்ந்திருந்தது. திரும்பி வந்து மூடியின் மற்ற ஸ்குறூக்களையும் போட்டோம். 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு குறொஸ் மெம்பர் போல்ட், புறொப்பெலர் போல்ட் நான்கு, ஒயில் மட்டம் மூன்றையும் ஒருமுறை பாருங்கள். புதுப் பிளேட் படிந்து வரும்போது பெடல் இடைவெளி குறையும், அதையும் அப்போதே கூட்டிவிடுங்கள்.